ஈழத்தலரியா, பாக்ஸ்வுட்டா? வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். புது வீட்டுக்குக் குடிபோனவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். "வாசல் பக்கம் ஒன்று வைக்கணும். ஈழத்தலரி வைக்கட்டுமா, பாக்ஸ்வுட் வைக்கட்டுமா?" இரண்டையும் எங்கோ படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருப்பார்கள். ஒன்று, தடித்த கிளை நுனிகளில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து, பொழுது சாய்ந்ததும் மணக்கிற மரம். இன்னொன்று, வருஷம் முழுக்கப் பச்சை மாறாமல், வெட்டிவிட்ட வடிவத்தில் அப்படியே நிற்கிற புதர். எதை வைத்தாலும் அழகுதான்.

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உங்கள் இடத்தில் வருஷத்திலேயே கடுமையான குளிர் ராத்திரி எத்தனை டிகிரிக்கு இறங்கும்? அது தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதி தண்ணீரில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஈழத்தலரி செத்துப்போவது பெரும்பாலும் தண்ணீர் மிஞ்சி. பாக்ஸ்வுட் செத்துப்போவது தண்ணீர் எட்டாமல். ஒன்றுக்குச் செய்கிற பராமரிப்பை இன்னொன்றுக்குச் செய்தால் இரண்டுமே போய்விடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்கிற எல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் கிளைக்கிறது.

இரண்டின் பிறப்பும் சுபாவமும்

ஈழத்தலரியை நர்சரிகளில் புளுமேரியா என்றும் ஃப்ராஞ்சிபானி என்றும் எழுதி வைத்திருப்பார்கள். நம் கண்ணுக்கு அவ்வளவு பழகிய மரம் என்றாலும் பூர்விகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள். அரளி, நந்தியாவட்டையின் குடும்பம். எங்கே கீறினாலும் வெள்ளையாகப் பால் வடியும். தோட்டங்களில் அதிகம் காண்பது இரண்டு இனங்கள். புளுமேரியா ரூப்ராவின் இலை நுனி கூராக இருக்கும். சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் பூக்கும். குளிரோ வறட்சியோ வந்தால் இலையை மொத்தமாக உதிர்த்துவிடும். புளுமேரியா அப்டூசாவின் இலை நுனி மழுங்கி, கரும்பச்சையாகப் பளபளக்கும், பூ வெள்ளை, வெதுவெதுப்பான இடத்தில் இலையை அவ்வளவு சீக்கிரம் விடாது. வாசலில் மொட்டை மரம் நிற்பது பிடிக்காதவர்களுக்கு நான் அப்டூசாவைத்தான் சொல்வேன்.

பாக்ஸ்வுட்டின் சொந்த இடம் ஐரோப்பாவின் தென்பகுதியும் மேற்குப் பகுதியும், வடமேற்கு ஆப்பிரிக்காவும், மேற்கு ஆசியாவும். பக்சஸ் செம்பர்வைரன்ஸ் என்பது தாவரப் பெயர். இலை ஒன்றரை முதல் மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், தோல் மாதிரித் தடிப்பு. ஆளுயர வேலியும் ஆகும், பாதை ஓரத்தில் கணுக்கால் உயரக் கரையும் ஆகும். இதை வெட்டி வடிவம் எடுப்பது நேற்று வந்த பழக்கம் கிடையாது. சுமார் 1,900 வருஷத்துக்கு முன் ரோமானியரான இளைய பிளினி தன் கிராமத்து மாளிகையைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே, பாக்ஸ்வுட்டை மிருக உருவங்களாகவும் எழுத்துகளாகவும் வெட்டி வைத்திருந்ததைச் சொல்கிறார். இத்தனை காலம் மனிதன் கத்தரி போட்டும் சலிக்காமல் துளிர்க்கிற செடி அது. ஆனால் வளர்ச்சி ரொம்ப நிதானம். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. அதனால்தான் அதன் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு இறுகியிருக்கிறது. மரச்செதுக்கு அச்சுக்கட்டைக்கும் செஸ் காய்க்கும் ஊதுகுழலுக்கும் அதைத் தேடிப் போனார்கள்.

குளிர் உள்ளே என்ன செய்கிறது

ஈழத்தலரியின் கிளையை விரலால் அழுத்திப் பாருங்கள். கட்டை மாதிரித் தோன்றினாலும் உள்ளே சதைப்பற்றாக, தண்ணீரும் பாலுமாக நிறைந்திருக்கும். வறட்சியைத் தாங்குவதற்காக அது சேர்த்துவைத்த தண்ணீர். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகும்போது அதே தண்ணீர்தான் எமனாகிறது. உறைந்து பனிக்கட்டியாகி செல்களைச் சிதைத்துவிடும். மறுநாள் வெயில் ஏறியதும் நுனி கறுத்து, கொழகொழத்துத் தொங்கும். உறைபனி விழ வேண்டும் என்றுகூட இல்லை. பத்து டிகிரிக்குக் கீழே போனாலே வளர்ச்சி நின்று, இலை பழுத்து உதிர ஆரம்பிக்கும்.

பாக்ஸ்வுட் வேறு மாதிரி. பகல் குறைந்து, இரவுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரக் குளிர, அது தன்னைத் தயார் செய்துகொள்ளும். செல்லுக்குள் சர்க்கரை சேர்கிறது. பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் உண்டாகி, உள்ளிருக்கும் தண்ணீரைச் சிறிது சிறிதாக வெளியே இழுக்கிறது. செல் வற்றி இறுகுமே தவிர உடையாது. இந்தத் தயாரிப்புக்கு வாரக்கணக்கில் காலம் தேவை. நன்றாகத் தயாரான செம்பர்வைரன்ஸ் ரகங்கள் பல மைனஸ் இருபது டிகிரி வரைக்கும் தாங்கும். கொரிய பாக்ஸ்வுட்டோடு சேர்த்து உருவாக்கிய 'கிரீன் வெல்வெட்', 'கிரீன் மவுண்டன்' போன்ற ரகங்கள் மைனஸ் முப்பதை ஒட்டியும் நிற்கின்றன. அதே செடி, தயாராகாத நேரத்தில் திடீரென்று ஓர் உறைபனி அடித்தால், மைனஸ் ஐந்திலேயே கொழுந்து கருகி நிற்கும். எவ்வளவு குளிர் என்பதோடு எப்போது வந்தது என்பதும் முக்கியம்.

உங்கள் இடத்தை அளப்பது எப்படி

அமெரிக்க வேளாண்மைத் துறையின் குளிர்மண்டல வரைபடத்தை உலகம் முழுக்க நர்சரிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 13 மண்டலம்; எண் ஏற ஏறக் குளிர் குறையும். ஒவ்வொன்றுக்கும் இடையே 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 5.6 டிகிரி செல்சியஸ் வித்தியாசம். கடைசியாக 2023-இல் புதுப்பித்தார்கள். ஈழத்தலரிக்கு 10-ம் அதற்கு மேலும். பாக்ஸ்வுட்டுக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 வரை. செடியில் தொங்கும் அட்டையில் அந்த எண் இருக்கும்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி மரம் வைக்காதீர்கள். அது 30 வருஷத்தில் ஒவ்வொரு வருஷமும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரி. சராசரி என்றால் சில வருஷம் அதற்கும் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெக்கையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. உங்கள் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் மேடு பள்ளமும் அதில் தெரியாது. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் சரிவில் வழிந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். ஒரே வீட்டில் மேட்டுப்பக்கம் தப்பித்த செடி, பள்ளத்தில் இருந்தால் கருகிப் போயிருக்கும்.

அதனால் நான் செய்யச் சொல்வது இதுதான். அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்துவைக்கிற வெப்பமானி ஒன்றை, செடி வரப்போகும் இடத்திலேயே முழங்கால் உயரத்தில் கட்டிவிடுங்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அது அங்கேயே இருக்கட்டும். அவசரம் என்றால் குளிர் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் மட்டுமாவது பாருங்கள்.

அது ஐந்து டிகிரிக்குக் கீழே போகாத இடமா? யோசிக்காமல் ஈழத்தலரியைத் தரையில் வையுங்கள். மைனஸ் ஐந்துக்குக் கீழே போகிறதா? தரையில் பாக்ஸ்வுட், ஈழத்தலரி வேண்டுமென்றால் தொட்டியில் மட்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் பாக்கியசாலிகள். நாள் முழுக்க வெயில் வாங்குகிற கல் சுவரோ செங்கல் சுவரோ இருந்தால், அதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஈழத்தலரியை வைத்துப் பார்க்கலாம். பகலில் குடித்த சூட்டைச் சுவர் ராத்திரியில் விடும். லேசான உறைபனியைச் சமாளிக்க அந்த ஒன்றிரண்டு டிகிரி போதும். அதே தோட்டத்தின் நிழல் பக்கத்தில் பாக்ஸ்வுட் சௌகரியமாக இருக்கும்.

வெப்ப இடத்தில் பாக்ஸ்வுட் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரியிலும் வெக்கை தணியாத, மண் ஈரமாகவே கிடக்கிற இடத்தில் அது உயிரோடு இருக்கலாம், செழிக்காது. வேர் அழுகும், செஞ்சிலந்தி பிடிக்கும், இலை வெளிறும். சின்ன இலை, கத்தரித்த வடிவம், வருஷம் முழுக்கப் பச்சை, இவ்வளவுதான் வேண்டுமென்றால் குட்டை ரக வெட்சியோ டுராண்டாவோ அதே வேலையைச் சந்தோஷமாகச் செய்யும். பாக்ஸ்வுட்டேதான் வேண்டுமென்றால் வெக்கையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிற ஜப்பானிய பாக்ஸ்வுட்டை வாங்கி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள்.

ஈழத்தலரி: போத்து வெட்டி நடுவது

விதையில் முளைத்தது தாய் மரத்தின் நிறத்திலேயே பூக்கும் என்று சொல்ல முடியாது, பூக்க மூன்று வருஷமோ அதற்கு மேலோ ஆகும். அதனால் கிளையை வெட்டி நடுகிற போத்துதான் வழி. பச்சையாக இருக்கும் இளங்கிளை வேண்டாம், அழுகிவிடும். தோல் சாம்பல் நிறத்துக்கு மாறிய கிளையில் முப்பது முதல் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு, கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். பால் கொட்டும். கண்ணில் பட்டால் எரியும், தோலிலும் சிலருக்குத் தடிக்கும், கையுறை போடுங்கள். வெட்டுவாயைத் தண்ணீரில் கழுவி, இலைகளை எல்லாம் காம்போடு வெட்டி எடுத்துவிட்டு, நுனியில் இருக்கும் குருத்தை மட்டும் விடுங்கள்.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பலருக்கும் கஷ்டமாக இருக்கிறது. வெட்டிய உடனே மண்ணில் குத்த வேண்டும் என்று கை பரபரக்கும். குத்தக் கூடாது. மழை படாத நிழலில் சுவரோரம் சாய்த்து, ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். முதலில் வெட்டுவாய் ஈரமாக, வெளிர்பச்சையாக இருக்கும். மெல்லச் சுற்றோரம் உள்ளே சுருங்கும், நடு கொஞ்சம் குழியும், மேலே தோல் மாதிரி ஒரு படலம் கட்டும். நகத்தால் தட்டினால் காய்ந்த ஓட்டின் சத்தம் கேட்க வேண்டும். விரலில் ஒட்டினாலோ, அழுத்தினால் உள்ளே போனாலோ இன்னும் ஆகவில்லை. அந்தப் படலம்தான் மண்ணில் இருக்கும் கிருமியை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஈழத்தலரிப் போத்து அழுகிவிட்டது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பத்தில் எட்டுப் பேர் இந்தப் படியைச் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

பாதிக்குப் பாதி பெருமணலோ, பெர்லைட் என்று நர்சரியில் விற்கிற வெள்ளைத் துகளோ கலந்த மண்ணில், எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டுங்கள். ஒரு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். இலை விரியும் வரை அதற்குத் தண்ணீர் குடிக்க வேரே கிடையாது. வெதுவெதுப்பான பருவத்தில் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். நுனியில் குருத்து கூம்பு மாதிரி நிமிர்ந்து, உள்ளங்கை நீளத்துக்கு இலை இரண்டு மூன்று வந்த பிறகுதான் வழக்கமாகத் தண்ணீர் விட ஆரம்பிக்க வேண்டும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். நிழலில் மரம் வளரும், பூக்காது. முதிர்ந்தால் ஐந்திலிருந்து எட்டு மீட்டர் உயரம் போகும், குடை மாதிரி அதே அளவு விரியவும் செய்யும். வேர் சுவரை உடைக்கிற ரகம் இல்லை. தண்ணீர் தேங்காத மண் மட்டும் கட்டாயம். களிமண் என்றால் மேடு கட்டி அதன்மேல் வையுங்கள்.

கவாத்து செய்ய ஆசைப்படும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பூங்கொத்து கிளையின் நுனியில்தான் வரும். பூத்து முடிந்ததும் அந்த நுனி இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து கிளைக்கும், அடுத்த பூ அந்தப் புது நுனிகளில். நுனியை வெட்டினால் அந்தப் பருவத்துப் பூவை வெட்டினீர்கள். அடர்த்தியாக வேண்டுமென்றால் இலையில்லாத ஓய்வுக்காலத்தின் கடைசியில், துளிர்க்கும் முன் வெட்டுங்கள். உரம் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்: தழைச்சத்து அதிகமானால் கிளை நெடுநெடுவென்று போகும், பூ குறையும். மட்கிய எருவும், கொஞ்சம் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வளரும் பருவத்தில் மட்டும்.

இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி தெரிந்தால் அது துருநோய். பார்க்கப் பயமாக இருக்கும், மரத்தைக் கொல்லாது. விழுந்த இலையைப் பெருக்கி அப்புறப்படுத்துங்கள், மாலையில் இலை நனையத் தண்ணீர் அடிப்பதை நிறுத்துங்கள்.

பாக்ஸ்வுட்: ஆழத்தில் புதைக்காமல் நடுவது

பாக்ஸ்வுட்டின் வேர் மேலோட்டமானது. நர்சரித் தொட்டியில் இருந்த மண்மட்டத்தைவிட ஒரு விரல்கடை மேலே நிற்கும்படி நட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டின் அடி ஈரத்தில் ஊறிப் போகும். மூடாக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும், அதுவும் தண்டில் ஒட்டாமல். அடியில் களை வந்தால் கையால் பிடுங்குங்கள். கொத்தினால் வேர் அறுந்துவிடும். மண்ணின் கார அமிலநிலை 6.5-லிருந்து 7.5-க்குள் இருந்தால் திருப்தியாக இருக்கும். அமில மண் என்றால் சுண்ணாம்பு சேர்க்க வேண்டியிருக்கும்.

வேலிக்கு முப்பது நாற்பது சென்டிமீட்டர் இடைவெளி, பாதையோரக் குட்டை ரகத்துக்குப் பதினைந்து இருபது. சீக்கிரம் மூடிக்கொள்ளட்டும் என்று நெருக்கி வைக்காதீர்கள். இந்தச் செடிக்குக் காற்றோட்டம்தான் மருந்து. அரை நிழலிலும் நன்றாக வரும். குளிர்காலக் காற்று நேராக அடிக்கும் மூலையைவிட அரை நிழல் நல்லதும்கூட.

கத்தரி போடும் காலத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். வசந்தத்தில் வந்த முதல் துளிர் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு மாறி, தொட்டால் விறைப்பாக இருக்கும் கட்டத்தில், மேகமூட்டமான நாளில் வெட்டுங்கள். கோடை முடியும் தறுவாயிலோ இலையுதிர் காலத்திலோ வெட்டினால் புதுத்துளிர் கிளம்பும். அதற்குத் தயாராக நேரம் கிடைக்காது. முதல் உறைபனியிலேயே கருகும்.

வெளிப்புறத்தை மட்டும் வருஷா வருஷம் வழித்துவிட்டால் செடி மேலோடு மாதிரி ஆகிவிடும். இரண்டு கையாலும் இலைப்போர்வையை விலக்கி உள்ளே பாருங்கள்: வெளியே விரற்கடை அடர்த்திக்குப் பச்சை, உள்ளே வெறும் குச்சிகள், அவற்றின் கவட்டையில் மக்கிய இலைக் குப்பை. அங்கே வெளிச்சமும் போகாது, ஈரமும் காயாது. அதனால் வெட்டும்போதே ஆங்காங்கே ஒரு சாண் உள்ளே கையை விட்டு, சில சிறுகிளைகளை ஒடித்து எடுத்து ஓட்டை விடுங்கள். அடுத்த வருஷம் அந்த ஓட்டைக்குள்ளிருந்து துளிர் எட்டிப் பார்க்கும்.

இப்படி விலக்கிப் பார்ப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. பாக்ஸ்வுட்டின் இரண்டு பெரிய எதிரிகளும் உள்ளேயிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒன்று கருகல் நோய். 1990-களின் நடுவில் இங்கிலாந்தில் தென்பட்ட பூஞ்சை, இப்போது பல நாடுகளில் பரவிவிட்டது. இலையில் பழுப்புப் புள்ளி, இளந்தண்டில் கறுப்புக் கீறல், பிறகு அடிப்பக்கத்திலிருந்து மளமளவென்று இலை கொட்டும். ஈரமும் கத்தரியும்தான் அதன் வாகனம். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள், தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள், கொட்டிய இலையைச் சுத்தமாக அள்ளுங்கள். பழைய தோட்டங்களில் கரை கட்டப் பயன்படுகிற 'சஃப்ரூட்டிகோசா' குட்டை ரகத்துக்கு இந்த நோய் ரொம்பச் சீக்கிரம் வரும். புதிதாக வைப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்று பாக்ஸ்வுட் அந்துப்பூச்சி. கிழக்காசியாவிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் 2007-இல் ஜெர்மனியிலும், வட அமெரிக்காவில் 2018-இல் டொராண்டோவிலும் கண்டுபிடித்தார்கள். பச்சை உடம்பு, கறுப்புத் தலை, நீளவாக்கில் கறுப்புக் கோடு உள்ள புழு. இலைகளை நூலால் பின்னி உள்ளே உட்கார்ந்து தின்னும். பச்சை நிறத்தில் மணல்மணியாக எச்சம் சிந்தியிருந்தால் புழு இருக்கிறது. கொஞ்சம் என்றால் கையாலேயே பொறுக்கலாம். நிறைய என்றால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் கலந்த பாக்டீரியா மருந்தை, புழு சின்னதாக இருக்கும்போதே உள்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வளர்ந்த புழுவிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. உங்கள் பக்கத்தில் இந்த இரண்டில் ஒன்று கடுமையாக இருக்கிறது என்றால், ஏறக்குறைய அதே தோற்றமுள்ள ஜப்பானிய ஹோலி என்ற புதரை யோசியுங்கள்; மண் மட்டும் சற்று அமிலமாக இருக்க வேண்டும்.

வீட்டில் சின்னக் குழந்தையோ, எதையும் கடிக்கிற நாயோ ஆடோ இருந்தால் கவனம். இந்த இரண்டுமே வாயில் போடக் கூடாதவை. பாக்ஸ்வுட் இலையில் இருக்கும் ஆல்கலாய்டுகள் கால்நடைகளுக்கு விஷம். வெட்டிய தழையைத் தொழுவப் பக்கம் கொட்டாதீர்கள். வெயில் நாளில் சில பாக்ஸ்வுட்டிலிருந்து பூனை மூத்திர வாடை வரும். ஜன்னலடியில் வைக்கப் போகிறவர்கள் வாங்கும் முன் இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிடுங்கள்.

குளிர்காலம்: ஒன்றுக்கு நிறுத்து, ஒன்றுக்கு ஊற்று

பாக்ஸ்வுட்டைப் பற்றி எனக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி குளிர்காலம் முடிந்த கையோடு வருபவை. "பச்சையாக இருக்கும் என்றீர்களே, ஒரு பக்கம் செம்பட்டையாகிவிட்டது." குளிர் தாங்காமல் அப்படி ஆனது என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் தாகம்தான் காரணம். இலை இருக்கும்வரை அதிலிருந்து ஈரம் போய்க்கொண்டே இருக்கும். குளிர்கால வெயிலும் வறண்ட காற்றும் இலையிலிருந்து தண்ணீரை இழுக்கின்றன. கீழே மண் உறைந்து கிடப்பதால் வேரால் புதுத் தண்ணீர் எடுக்க முடியாது. எந்தப் பக்கம் காற்றும் வெயிலும் படுகிறதோ அந்தப் பக்கம் மட்டும் வெந்து போகும். செம்பட்டை ஒரே பக்கத்தில் இருந்தால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம்.

ஆகவே இலையுதிர் காலம் முழுக்க, மண் உறையும் நாள் வரை, வாரம் ஒரு முறை ஒரு சாண் ஆழம் நனையும்படி தண்ணீர் விடுங்கள். மழை பெய்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அடர்ந்த பாக்ஸ்வுட் குடை மாதிரி மழையை வெளியே வழித்துவிடும், அடியில் விரலை விட்டுப் பாருங்கள், மண் தூசியாக இருக்கும். நட்டு ஒரு வருஷம்கூட ஆகாத செடிக்குக் காற்று வரும் திசையில் நாலு கம்பு நட்டு சாக்குத்துணி கட்டுங்கள், செடியில் படாமல். பொடிப்பனி விழுந்தால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிவிடுங்கள். உறைந்து கிளையோடு ஒட்டிய பனியைத் தொடவே கூடாது. கிளை சடக்கென்று ஒடியும். சாலையில் உப்பு தூவும் இடமாக இருந்தால் அந்த ஓரத்தில் பாக்ஸ்வுட் வேண்டாம்.

செம்பட்டையானதை உடனே வெட்டாதீர்கள். வசந்தத்தில் துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு மேல் செத்த பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.

இதற்கு நேர் எதிராகத் தொட்டி ஈழத்தலரியைப் பாருங்கள். ராத்திரி பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்க ஆரம்பித்ததும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுங்கள். இலை பழுத்து விழும், விழட்டும். தொட்டியைப் பத்து டிகிரிக்குக் குறையாத, உலர்ந்த இடத்துக்கு நகர்த்துங்கள். இலையில்லாத மரத்துக்கு வெளிச்சம்கூட வேண்டியதில்லை, படிக்கட்டடி போதும். இலை விடாமல் நிற்கும் அப்டூசாவாக இருந்தால் மட்டும் வெளிச்சமுள்ள ஜன்னலோரத்தில் வைத்து, எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால், தூங்கும் வேரால் குடிக்க முடியாமல் அடித்தண்டு அழுகிவிடும். தோல் லேசாகச் சுருங்குவது இயல்பு. மாதம் ஒரு முறை தண்டை அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் நலம். எங்காவது பொதபொதவென்று இருந்தால், வெட்டு வெள்ளையாகச் சுத்தமாகத் தெரியும் வரை மேலே வெட்டிக்கொண்டே போய், மிஞ்சியதைப் புதுப் போத்தாகக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் நகத்தால் தோலைத் துளி சுரண்டிப் பாருங்கள். சாம்பல் தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இந்தச் சோதனை பாக்ஸ்வுட்டுக்கும் பலிக்கும்.

ராத்திரி பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே இறங்காத காலம் வந்ததும் ஈழத்தலரியை வெளியே எடுக்கலாம். எடுத்த எடுப்பில் நடு வெயிலில் வைத்தால் இருட்டில் கிடந்த தண்டின் தோல் வெந்து கறுத்துவிடும். முதல் வாரம் நிழலில், அடுத்த வாரம் காலை வெயிலில், அப்புறம் முழு வெயிலில். நுனிக் குருத்து விரிந்து முதல் இலை தெரிந்த பிறகு ஒரு தடவை தொட்டி முழுக்க நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். உரத்தை இன்னும் ஒரு மாதம் கழித்து ஆரம்பித்தால் போதும்.